வேலிக்கு வெளியே இருந்த சொத்து

(அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நூறாண்டுக்கு முந்தைய வாழ்வும் உழைப்பும் குறித்து வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அப்பலாச்சிய மலைக்காரர் என்றதும் ஹாலிவுட் நமக்குக் காட்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். மரவீட்டுத் தாழ்வாரத்தில் தாடியும் துப்பாக்கியுமாக உட்கார்ந்திருப்பார். புழக்கடையில் சாராயம் காய்ந்துகொண்டிருக்கும். வெளியுலகம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்த ஆளைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முன்பே பத்திரிகைகள் அவரை உருவாக்கிவிட்டன. 1899இல் கென்டக்கியின் பெரியா கல்லூரித் தலைவர் வில்லியம் குடெல் ஃப்ராஸ்ட் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இந்த மலைமக்களை ‘நம் சமகால மூதாதையர்’ என்றார். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். கல்லூரிக்கு நன்கொடை திரட்ட வேண்டியிருந்தவர் அவர். ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நகரத்து அமெரிக்கர்களுக்குத் தங்கள் கொள்ளுத்தாத்தா இன்னும் உயிரோடு மலைமேல் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு பிடித்துப்போயிற்று.

அது உண்மையில்லை என்பதுதான் இன்று என் பேச்சு. அந்த மக்கள் ஒருநாளும் சந்தைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் அல்லர். அவர்களிடம் இருந்ததும், பின்னால் அவர்கள் இழந்ததும் வேறு ஒன்று.

அப்பலாச்சிய மலைத்தொடர் அலபாமாவில் தொடங்கிக் கனடா வரை போகிறது. நான் பேசுவது அதன் தென்பகுதியைப் பற்றி: மேற்கு வர்ஜீனியா, கிழக்குக் கென்டக்கி, வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை, கிழக்கு டென்னசி, வட கரோலைனாவின் மேற்குப் பகுதி. காலம், ஏறத்தாழ 1900 முதல் 1940 வரை. இந்த நிலத்தின் தென்கோடி செரோக்கி மக்களுடையது. 1838இல் ராணுவத்தை வைத்து அவர்களில் பெரும்பாலோரை மேற்கே விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஒரு சிறு பகுதியினர் மட்டும் வட கரோலைனா மலைகளில் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நான் இனி சொல்லப்போகும் வாழ்க்கையின் பாதி, அந்தச் செரோக்கியரிடம் கற்றுக்கொண்டது.

இரண்டு சரிவுகளுக்கு நடுவில் ஓர் ஓடை. ஓடையோரம் மரவீடு. வீட்டுக்கு மேலே செங்குத்தான சரிவில் மக்காச்சோளம். விதைக்கப் போனவன் தன் வயலிலிருந்தே உருண்டு விழுந்து காலை உடைத்துக்கொண்டான் என்று மலைக்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சரிவில் சக்கர வண்டி நிற்காது. கோவேறு கழுதை இழுக்கும் சறுக்குச் சட்டத்தில்தான் விளைச்சல் இறங்கும். புதிதாக நிலம் திருத்த வேண்டுமானால் மரத்தை வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தில் பட்டையைச் சுற்றிலும் செதுக்கி எடுத்துவிட்டால் மரம் நின்ற நிலையிலேயே காய்ந்துபோகும். இலை உதிர்ந்து வெயில் தரையில் விழும். பட்டமரங்களுக்கு நடுவே சோளத்தை ஊன்றுவார்கள். சோளத்தட்டையில் அவரைக்கொடி ஏறும், காலடியில் பூசணி படரும். இது செரோக்கியர் முறை. சில வருஷங்களில் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் இன்னொரு துண்டைத் திருத்த வேண்டும்.

இப்படிப்பட்ட நிலத்தை வைத்துக்கொண்டு எட்டுப் பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம் எப்படிப் பிழைத்தது? கணக்குப் போட்டுப் பார்த்தால் பிழைத்திருக்க முடியாது. கணக்கில் நாம் விட்டுவிடுவது வேலிக்கு வெளியே இருந்த காட்டை.

அந்த மலைகளில் பயிருக்குத்தான் வேலி, பன்றிக்கு இல்லை. வசந்தத்தில் பன்றிகளைக் காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். அவை தாமே தின்று, தாமே குட்டிபோட்டு அலையும். எது யாருடையது என்பதற்குக் காதில் வெட்டுக்குறி இருக்கும். ஒரு வீட்டுக்கு இடக்காதில் ஒரு பிளவு, இன்னொரு வீட்டுக்கு வலக்காதின் நுனி இல்லை, இப்படி. அந்தக் குறிகளைக் கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்தில் பதிவுகூடச் செய்துவைப்பார்கள். காடு யாருடையது? நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி என்று சொல்லத் தோன்றும், ஆனால் அதுவும் சரியில்லை. பல இடங்களில் பட்டா எங்கோ ஃபிலடெல்ஃபியாவிலோ நியூயார்க்கிலோ இருந்த ஒருவர் பேரில் இருந்தது. அவர் வந்து பார்த்ததில்லை. பன்றி மேய்க்கவும் விறகெடுக்கவும் வேட்டையாடவும் மூலிகை தோண்டவும் எவரும் எவரிடமும் கேட்டதில்லை. வழக்கமே உரிமையாக இருந்தது.

அந்தக் காட்டின் அரசி செஸ்ட்நட் மரம். தென் அப்பலாச்சியாவின் சில பகுதிகளில் நான்கு மரத்துக்கு ஒன்று செஸ்ட்நட்டாக இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். கருவாலி ஒரு வருஷம் காய்க்கும், மறுவருஷம் ஏமாற்றும். செஸ்ட்நட் கோடை பிறந்த பிறகே பூக்கும். வசந்தத்தின் கடைசிப் பனி அதற்குள் ஓய்ந்திருக்கும். ஆகையால் காய்ப்பு தவறுவது அபூர்வம். இலையுதிர் காலத்தில் முள்ளுறை வெடித்துக் கொட்டை தரையெங்கும் கொட்டிக் கிடக்கும். பன்றி தின்று கொழுக்கும், கரடி தின்னும், காட்டு வான்கோழி தின்னும். பிள்ளைகள் விடியலில் ஓடிப்போய்ச் சாக்கில் அள்ளுவார்கள். கடைத்தெருவில் அதைக் கொடுத்துவிட்டுக் குளிர்காலச் செருப்பு வாங்குவார்கள். கடைக்காரர் அதை ரயிலேற்றுவார். நியூயார்க் தெருமுனையில் கரியடுப்பில் வறுத்து விற்கும் செஸ்ட்நட், யாரோ ஒரு மலைச்சிறுமியின் செருப்புக்கான விலை. மரமும் மக்காது. வேலிக் கழி, கூரை ஓடு, தொட்டில், சவப்பெட்டி எல்லாம் அதில்தான்.

ஜின்செங் வேர் இன்னும் பழைய வணிகம். 1784இல் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் போன முதல் வணிகக் கப்பல் ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ சுமார் 30 டன் ஜின்செங்கை ஏற்றிக்கொண்டு போனது. 20ஆம் நூற்றாண்டிலும் அந்த வழி ஓயவில்லை. கிழக்குக் கென்டக்கியில் ஒரு கிழவி நிழல் சரிவில் தோண்டி, அடுப்பு மேடையில் உலர்த்திய வேர், கடைக்காரர் கை மாறி, நகரத் தரகர் கை மாறி, சீனத்து மருந்துக் கடைக்குப் போயிற்று. நல்ல தோண்டுநர் பழம் சிவக்கும்வரை காத்திருப்பார், வேரை எடுத்த குழியிலேயே பழத்தைப் புதைத்துவிட்டு வருவார். ஒரு செடி விற்கும் பருவத்துக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும். பேராசைக்காரர்களும் இருந்தார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை.

சாராயத்தையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். 1862இல் மத்திய அரசு சாராயத்துக்கு வரி போட்டது. மலைக்காரர் பார்வையில் சாராயம் என்பது சுருக்கி எடுத்த சோளம். சோளமாக ஏற்றினால் பாதை இல்லாத மலையில் கழுதைக்குச் சுமை தாங்காது, விலையும் கிடைக்காது. காய்ச்சி இறக்கினால் இரண்டு குடத்தில் அடங்கிவிடும். ஹோரஸ் கெப்ஹார்ட் என்ற நூலகர் செயின்ட் லூயிஸை விட்டு 1904இல் ஸ்மோக்கி மலையின் ஹேசல் ஓடைக்குக் குடிவந்தவர். 1913இல் அவர் எழுதிய ‘அவர் சதர்ன் ஹைலேண்டர்ஸ்’ நூலில் இந்தச் சாராயப் பொருளாதாரத்தை விரிவாகப் பேசுகிறார். நல்ல நூல்தான், ஆனால் சாராயத்துக்கும் வேட்டைக்கும் தந்த இடத்தை அவர் சமையலறைக்குத் தரவில்லை.

சமையலறைக்கு நாம் போவோம். முதல் கடுங்குளிர் நவம்பரில் விழுந்ததும் பன்றி அறுப்பு. அதற்கு முன் அறுத்தால் கறி கெட்டுவிடும், அதனால் வானத்தைப் பார்த்தே நாள் குறிப்பார்கள். அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்துவிடுவார்கள். இன்று இவர் வீட்டில், நாளை அவர் வீட்டில். கொதிநீர்ப் பீப்பாயில் முக்கி மயிரைச் சுரண்டுவது, கால்நரம்பில் கம்பு கோத்துத் தூக்குவது, துண்டு போடுவது ஆண்கள் வேலை. கொழுப்பை உருக்குவது, குடலைக் கழுவுவது, கொத்துக்கறிக்கு மசாலா சேர்ப்பது பெண்கள் வேலை. தொடையையும் விலாவையும் உப்பில் புதைத்து, பிறகு புகைக்கொட்டிலில் தொங்கவிடுவார்கள். முதுகுத்தண்டையொட்டிய இளங்கறி மட்டும் அன்றைக்கே பொரியும். வந்தவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.

மிஞ்சிய கொழுப்பும் வீணாகாது. குளிர்காலம் முழுக்க அடுப்புச் சாம்பலை ஒரு மரத்தொட்டியில் கொட்டிவைப்பார்கள். அதில் மழைநீரை ஊற்றினால் அடியில் பழுப்பாகக் காரநீர் சொட்டும். அந்தக் காரத்தையும் கொழுப்பையும் இரும்புக் கொப்பரையில் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு. அதே காரத்தில் சோளத்தை வேகவைத்துத் தோல் கழற்றிச் சாப்பிடுவதும் உண்டு. இந்தக் காரத்தில் ஒரு மருத்துவ நுட்பம் இருக்கிறது. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் சத்து காரத்தில் வெந்தால்தான் உடம்பில் சேரும். பழங்குடிகள் சோளத்தை இப்படியே சமைத்து வந்தார்கள். ஆலையில் அரைத்த வெள்ளை மாவையும் பன்றிக்கொழுப்பையும் மட்டுமே தின்ற தென்மாநில ஏழைகள் பலருக்குப் பெலாக்ரா நோய் வந்தது. அது தொற்று அல்ல, உணவுக் குறை என்பதை டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914க்குப் பிறகு நிறுவினார். காட்டுக்கீரையும் கறியும் கொட்டையும் அவரையும் கிடைத்த மலைவீட்டுக்கு அந்த ஆபத்து குறைவு. காடு போன பிறகுதான் சிக்கல்.

இலையுதிர் காலத்தில் சோர்கம் என்னும் இனிப்புச் சோளத்தட்டையைக் கழுதை சுற்றும் ஆலையில் பிழிந்து பாகு காய்ச்சுவார்கள். நம் கரும்பாலை வெல்லக் கொட்டகையை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி இருக்கும்: நுரை வழிக்கும் அகப்பை, தீயைப் பார்த்துக்கொள்ள ஓர் அனுபவசாலி, ஓரத்தில் ஒட்டியதை வழித்துத் தின்னக் காத்திருக்கும் பிள்ளைகள். பச்சை அவரைக்காயை முழுசாக நூலில் கோத்து அடுப்புப் பக்கத்தில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். குளிர்காலத்தில் உப்புக்கறியோடு மணிக்கணக்கில் வேகவைத்தால் தனி மணம் வரும். இன்றும் அங்கே அதற்கு உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். இந்த வேலையெல்லாம் யார் முதுகில் விழுந்தது என்று கேட்ட ஒருவரைச் சொல்லாமல் நகரக் கூடாது. எம்மா பெல் மைல்ஸ், டென்னசியின் சாட்டனூகா அருகே வால்டன்ஸ் ரிட்ஜில் வாழ்ந்தவர். ஓவியம் படித்தவர், ஒரு மலைக்காரரைக் காதலித்து மணந்து அந்த வாழ்க்கைக்குள்ளேயே போனவர். 1905இல் ‘தி ஸ்பிரிட் ஆஃப் த மவுண்டன்ஸ்’ என்ற நூலை எழுதினார். ஆணின் உலகம் காடும் பாதையுமாக விரிந்திருக்க, பெண்ணின் உலகம் அடுப்பும் தொட்டிலுமாகச் சுருங்கிக் கிடந்ததை உள்ளேயிருந்து எழுதியவர் அவர். கோடைக்கு வரும் பணக்கார வீட்டாருக்குச் சிறு ஓவியங்கள் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். 1919இல் காசநோயில் இறந்தபோது வயது 39. மலைவாழ்வைப் புகழ்கிற எவரும் முதலில் இவரைப் படித்துவிட்டுப் புகழட்டும்.

பிரசவம் பார்க்க ஊர்க்கிழவிகள் இருந்தார்கள். 1925இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் கிழக்குக் கென்டக்கியின் லெஸ்லி கவுண்டியில் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் குதிரையில் அனுப்பும் சேவையைத் தொடங்கினார். கட்டணத்தைக் காசாகத் தர முடியாதவர்கள் தீவனமாகவோ உடலுழைப்பாகவோ தரலாம். அந்தப் பாதையற்ற கவுண்டியில் பிரசவத்தில் தாய்மார் இறப்பது நாட்டுச் சராசரியைவிட வெகுவாகக் குறைந்தது.

அதற்கும் முன்னால், 1911 செப்டம்பரில், கென்டக்கியின் ரோவன் கவுண்டிப் பள்ளிக் கண்காணிப்பாளர் கோரா வில்சன் ஸ்டூவர்ட் பெரியவர்களுக்கு இரவுப்பள்ளி தொடங்கினார். நிலவு இருந்தால்தான் மலைப்பாதையில் வர முடியும் என்பதால் நிலாப் பள்ளி என்றே பெயர். 150 பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தார்கள். சுமார் 1,200 பேர் வந்துவிட்டார்கள். இந்த யோசனை எப்படி வந்தது என்பதை ஸ்டூவர்ட் பின்னர் எழுதினார். சிகாகோவில் வேலைக்குப் போன மகளின் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அவரிடம் வருவாராம், படித்துக் காட்டவும் பதில் எழுதவும். ‘வெளியுலகம் தெரியாத’ மலைக்கு சிகாகோவிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். சியர்ஸ் ரோபக் அஞ்சல் விற்பனைப் புத்தகமும் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து கிட்டார் வாங்கினார்கள்.

பாட்டிலும் இதே கதைதான். 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர், மாட் கார்ப்பெலெஸ் என்ற உதவியாளரோடு மலையெங்கும் அலைந்து பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களைக் குறித்துக்கொண்டார். அரிய உழைப்பு. ஆனால் ஆப்பிரிக்கர் கொண்டுவந்த பாஞ்சோவும், கறுப்பினத்தார் கலந்துவிட்ட மெட்டுகளும் அவர் காதில் பெரிதாக ஏறவில்லை. இங்கிலாந்தைத் தேடி வந்தவருக்கு இங்கிலாந்துதான் கிடைத்தது. 1927இல் டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் ஒலிப்பதிவு செய்த கார்ட்டர் குடும்பப் பாடல்கள் உலகம் சுற்றின. அவர்களுக்குப் பாட்டுத் தேடித் தந்ததில் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞருக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி அந்தக் காடு எப்படிப் போயிற்று என்று பார்ப்போம்.

முதலில் காகிதத்தில் போயிற்று. 1880களிலிருந்து கென்டக்கியின் ஜான் சி. சி. மேயோ என்ற பள்ளி ஆசிரியர் வீடு வீடாகப் போய் நிலத்தடி உரிமையை விலைக்கு வாங்கினார். ஏக்கருக்கு 50 சென்ட், ஒரு டாலர், சில இடங்களில் கொஞ்சம் கூட. தங்கக் காசுகளை அவர் மனைவி பாவாடை மடிப்பில் தைத்துக் கொண்டுவருவார் என்று ஒரு கதை சொல்வார்கள். மேலே உழுதுகொள், கீழே இருப்பது மட்டும் எங்களுக்கு என்ற பேச்சு. வருஷம் முழுக்கக் காசையே காணாத வீட்டில் தங்கத்தைப் பார்த்ததும் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். பத்திரத்தில் வேறு வரிகளும் இருந்தன. நிலக்கரி எடுக்கத் தேவையான சாலை போடலாம், மரம் வெட்டலாம், தண்ணீர் எடுக்கலாம், சேதத்துக்குப் பொறுப்பில்லை. அந்தக் காலத்தில் சுரங்கம் என்றால் மலையில் ஒரு துளை. பின்னாளில் இயந்திரங்கள் வந்து மலையையே மேலிருந்து உரித்தபோது, தாத்தா போட்ட அந்தக் குறி பேரனின் சோளக்கொல்லையைத் தின்றது. உரிமையாளர் சம்மதமின்றி அப்படி உரிக்கக் கூடாது என்று கென்டக்கி மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தைத் திருத்தியது 1988இல்.

அடுத்து மரக் கம்பெனிகள். டென்னசியின் டவுன்செண்டில் லிட்டில் ரிவர் கம்பெனி 1901 முதல் 1939 வரை ஸ்மோக்கி மலையில் ரயில் பாதை போட்டு வெட்டித் தள்ளியது. கெப்ஹார்ட் குடியிருந்த ஹேசல் ஓடையை ரிட்டர் கம்பெனி மொட்டையடித்தது. சருகும் கிளையும் காய்ந்து தீப்பிடித்தன, தீக்குப் பின் வெள்ளம் வந்தது.

மூன்றாவது, யாரும் எதிர்பாராதது. 1904இல் நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் செஸ்ட்நட் மரங்கள் பட்டை வெடித்துச் சாவதைக் கண்டார்கள். ஆசியாவிலிருந்து வந்த நாற்றுகளோடு வந்த பூஞ்சை. காற்றிலும் பறவைக் காலிலும் அது தெற்கே நகர்ந்தது. 1920களில் தென்மலைகளை எட்டியது. 1940களுக்குள் வளர்ந்த மரம் ஏறக்குறைய ஒன்றுகூட மிஞ்சவில்லை. மொத்தம் முந்நூற்றைம்பது கோடிக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வேர் மட்டும் சாகவில்லை. இன்றும் துளிர்க்கிறது, ஆள் உயரமோ அதற்கு மேலோ வளர்ந்ததும் பூஞ்சை பிடித்துச் சாகிறது. அமெரிக்க வரலாற்றுப் புத்தகங்கள் பெருமந்தத்தில் வங்கிகள் மூடியதைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. மலைக்காரருக்குச் செஸ்ட்நட் செத்ததுதான் வங்கி மூடியது.

இதற்குள் பல கவுண்டிகளில் பன்றியைக் கட்டிப்போட வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. வேலி திசை மாறிவிட்டது. மீதியிருந்தது அந்தச் செங்குத்துச் சோளக்கொல்லை மட்டும். சுரங்கத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள் என்றால் கூலியின் கவர்ச்சி மட்டும் காரணமல்ல.

சுரங்க ஊர் முழுக்கக் கம்பெனிக்குச் சொந்தம். வீடு, கடை, மருத்துவர், தேவாலயம், சில இடங்களில் போலீஸ்காரர்கூட. கென்டக்கியின் லிஞ்ச் நகரை எஃகுக் கம்பெனி ஒன்று 1917இல் அடியிலிருந்து கட்டியது. தொழிலாளி ஒருக்களித்துப் படுத்துக் கரிப்படுகையின் அடியைக் கொத்தி, துளை போட்டு, வெடிமருந்து வைத்து, பிறகு மண்வாரியால் வண்டியில் ஏற்றுவார். வண்டியில் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை மாட்டுவார். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. கூரைக்கு முட்டுக்கொடுப்பதற்கும் தண்டவாளம் போடுவதற்கும் பெரும்பாலும் கூலி கிடையாது. எடை மேடையில் கம்பெனி ஆள் குறைத்து எழுதினால் கேட்க நாதியில்லை. அதனால்தான் எடை பார்க்கத் தங்கள் ஆள் ஒருவர் வேண்டும் என்பது தொழிற்சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. சம்பள நாளுக்கு முன் காசு வேண்டுமென்றால் கம்பெனி அச்சிட்ட டோக்கன் தருவார்கள், அது கம்பெனிக் கடையில்தான் செல்லும்.

1907 டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மொனொங்காவில் வெடிவிபத்து. அதிகாரப்பூர்வக் கணக்கில் 360க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இத்தாலியர். பேரேட்டில் பேர் இல்லாமல் அண்ணன் தம்பியையும் மகனையும் உதவிக்கு அழைத்துப்போகும் வழக்கம் இருந்ததால் உண்மைத் தொகை கூடுதலாக இருக்க வேண்டும். இத்தாலியர், ஹங்கேரியர், அலபாமாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர், உள்ளூர் மலைக்காரர் எல்லோரும் இந்த மலைச் சுரங்கங்களில் ஒன்றாக வேலை செய்தார்கள். பின்னாளில் கறுப்பின வரலாற்றுத் துறையை நிறுவிய கார்ட்டர் உட்ஸன் இளமையில் மேற்கு வர்ஜீனியாவில் கரி வெட்டியவர். 1921இல் சங்க உரிமை கேட்டு சுமார் 10,000 தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டி பிளேர் மலைமீது ஆயுதத்தோடு ஏறினார்கள். தனியார் விமானங்கள் குண்டு போட்டன. கூட்டாட்சி ராணுவம் வந்ததும் தொழிலாளர்கள் கலைந்தார்கள். அதைத் தனியாக ஒருநாள் பேச வேண்டும்.

பெரும் சுரங்க ஊர்களிலும் பெண்கள் வீட்டுக்குப் பின்னால் அவரை போட்டார்கள், ஒரு பன்றி வளர்த்தார்கள். கம்பெனிகள் நல்ல தோட்டத்துக்குப் பரிசும் கொடுத்தன. தோட்டம் இருந்தால் கூலியைக் குறைவாகவே வைத்திருக்கலாம் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாதா என்ன.

கடைசியாக வந்தது பூங்கா. வெட்டித் தீர்த்த மலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற குரல் எழுந்தது. முன்வரிசையில் நின்றவர்களில் கெப்ஹார்ட் ஒருவர். 1934இல் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா பிறந்தது. அதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பூங்கா நல்லதுதான், மரம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் கம்பெனிகள் காட்டை அழித்ததற்கான தண்டனையைக் காட்டோடு வாழ்ந்தவர்கள் கட்டினார்கள் என்பது என் எண்ணம்.

லிட்டில் கிரீன்பிரையரில் வாக்கர் சகோதரிகள் ஐவர் இருந்தார்கள், மணமாகாதவர்கள். ஆடு வளர்த்து, கம்பளி நூற்று, தாங்களே நெய்து உடுத்தியவர்கள். 1941இல் 122 ஏக்கரை 4,750 டாலருக்குக் கொடுத்துவிட்டு, ஆயுள் உள்ளவரை அங்கேயே குடியிருக்க அனுமதி பெற்றார்கள். குடியிருக்கலாம், ஆனால் இனி வேட்டை கூடாது, மரம் வெட்டக் கூடாது, மேய்ச்சல் கூடாது. 1946இல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ அவர்களைப் பற்றி எழுதியது. சுற்றுலாக்காரர்கள் காரில் வந்து குவிந்தார்கள், சகோதரிகளும் ஆப்பிள் பணியாரமும் கைவேலைப் பொருள்களும் விற்கத் தொடங்கினார்கள். ‘சமகால மூதாதையரை’ நேரில் பார்க்க வந்த கூட்டம் அது. 1953இல், மிஞ்சியிருந்த இருவர் பூங்கா அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எங்களுக்கு வயதாகிவிட்டது, வேலையையும் பார்த்து வருகிறவர்களையும் கவனிக்க முடியவில்லை, சாலையோரத்தில் எங்கள் பெயர் போட்ட பலகையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று.